பாதி பீடி நேரம்

ஜீப்பு எனக்குக் கீழே இரண்டு வளைவு தள்ளிப் போயிருந்தது. அதன் சத்தம் மட்டும் பாறையில் மோதி மேலே வந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் மலை மேல் நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. அது ஜீப்பின் பின்பக்கத்தில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. வலது காதில் ஒரு பாதி பீடி செருகியிருந்தது. என்னை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டது அந்தப் பாதி பீடிதான்.

எழுபதுகளின் கடைசி. ஆவணி மாதம். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்குகிற ரோட்டில் லோடு ஏற்றிய ஜீப்பு வளைவுகளில் ஆள் நடப்பதைவிட மெதுவாகத்தான் திரும்பும். புதருக்குள்ளிருந்து ஒருவன் வந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு போனால் டிரைவருக்குத் தெரியாது. அதனால் மூட்டை மேல் ஒரு ஆள் உட்கார்ந்து வர வேண்டும். வழக்கமாக வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று என்னை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஏழெட்டு வளைவு இறங்கியதும் சாரல் நின்றது. பீடி குடிக்கலாம் என்று காதைத் தடவினேன். கையில் வந்தது பாதி பீடி. எப்போது இதைப் பாதியில் அணைத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். பற்றவைக்காமல் மறுபடி காதில் செருகினேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. அவளை எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கிற பெரிய அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, வெளிக் கொக்கியை மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஜீப்பின் தகட்டை ஓங்கித் தட்டினேன். மூட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து டிரைவர் வண்டியை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் பிள்ளை பெற்றவர்தான். முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் அந்த இடத்தில் ஜீப்பைத் திருப்ப முடியாது. திருப்பினாலும், இருட்டுவதற்குள் போடியில் மூட்டையை இறக்காவிட்டால் மறுநாள் ஏலத்துக்குக் காய் போகாது.

"அத்தனை பேரு இருக்காக, ஒருத்தர் கண்ணுலயுமா படாமப் போயிரும்? ஏறுப்பா" என்றார்.

நான் ஏறவில்லை.

"லோடை விட்டு எறங்குனா சோலி போயிரும், தெரியும்ல?"

அதற்குள் நான் நடக்க ஆரம்பித்திருந்தேன்.

யார் கண்ணிலும் படாது. அதுதான் எனக்கு நடுக்கம். பச்சை ஏலக்காயைக் காயவைக்கிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். அதில் உள்ள அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு சுவரோரமும் தட்டு அடுக்குகிற மரச்சட்டம் கூரை வரை நிற்கும். கீழே தரையை ஒட்டி, ஆள் தொடை கனத்தில் தகரக் குழாய் அறையைச் சுற்றி ஓடும். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடும் புகையும் குழாய்க்குள்ளேயே சுற்றிப் புகைபோக்கி வழியாக மேலே போகும். கதவைச் சாத்தினால் போட்ட காய் ஒரு நாளைக்குள் சுருங்கிவிடும். அவ்வளவு சூடு.

எங்கள் ஸ்டோரில் சின்ன அறை, பெரிய அறை என்று இரண்டு. பெரிய அறைக் குழாய் துருப்பிடித்து, புகை கசிந்து, காயின் பச்சை நிறம் கெட்டதால் அந்த வாரம் புதுக் குழாய் மாட்டினார்கள். புதுக் குழாய் மாட்டினால் காய் பரப்புவதற்கு முன்னால் காலி அறைக்கு ஒரு தீ போட்டுப் பார்ப்பது வழக்கம். கதவைச் சாத்திவிட்டு அடுப்பை ஒரு மணி நேரம் எரியவிடுவார்கள். பிறகு திறந்து பார்ப்பார்கள். உள்ளே புகை நின்றால் மூட்டு சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலம், காய் எடுக்கிற பெண்கள் இறங்கி வந்து எடை போட்டு முடிந்ததும், அந்தத் தீயைப் போடுவதாக இருந்தது. அதற்கான விறகைப் பிளந்து அடுப்பு வாயில் அடுக்கியதே நான்தான்.

காய் இருந்தால் தட்டு வைக்கவாவது ஒருவர் உள்ளே போவார். அது காலி அறை. உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

என் ஊர் பொட்டிபுரம் பக்கம். அப்பா அடிக்கிறவர். மழை பெய்யாவிட்டாலும் அடி, மாடு வேலி தாண்டினாலும் அடி. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கரட்டில் சுற்றியதற்காக, கதவைச் சாத்தி என் முகத்துக்கு நேரே நெருப்பில் மிளகாய் வற்றலைப் போட்டார். அந்த வருஷத்தோடு ஐந்தாம் வகுப்பும் முடிந்தது, அந்த வீடும் முடிந்தது. பிறகு லாரி ஷெட், ஓட்டல், கிணறு வெட்டு, பஞ்சு மூட்டை. ஒரு இடம் கசந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடம். அதைப் பெரிய கஷ்டமாக நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு என்னைப் போலப் பலரும் அப்படித்தான் இருந்தார்கள். கல்யாணம் ஆகி மகள் பிறந்தபோது ஒன்றே ஒன்றை மட்டும் மனசில் போட்டுக்கொண்டேன். இவள் மேல் கை வைப்பதில்லை.

கை வைக்காமல் பிள்ளையை எப்படி அடக்குவது என்று எனக்குத் தெரியாது. எஸ்டேட் கம்பவுண்டரின் மனைவி கோட்டயம் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்கு விறகு போடப் போனபோது ஒருநாள் பார்த்தேன். மூத்த பையன் தம்பியைக் கடித்துவிட்டான். அந்த அம்மா கையை ஓங்கவே இல்லை. ஒரு முக்காலியை மூலையில் போட்டு, "அவிடெ இரிக்கு" என்றார். அவன் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். நான் வாய் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு, அடிக்க வேண்டாம், தனியாக உட்கார வைத்தால் போதும், வயசுக்கு ஒரு நிமிஷம் என்றார். பிள்ளையின் கண்ணுக்கு நாம் தெரிகிற இடமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் வாங்கவில்லை.

என்னிடம் கடிகாரம் இல்லை. பீடி இருந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு பீடி என்று வைத்துக்கொண்டேன். குற்றம் செய்தால் கவிழ்த்த கூடை மேலோ மரக்கட்டை மேலோ சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பேசக் கூடாது. நான் பீடியைக் குடித்து முடித்து வந்து "எந்திரி" என்று சொல்லுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. இடையில் எழுந்தால் இன்னொரு பீடி. முதல் இரண்டு தடவை எழுந்தாள், அழுதாள். நான் இன்னொரு பீடி பற்றவைத்தேன். மூன்றாவது தடவையிலிருந்து அசையவில்லை. அவள் அம்மா வந்து கூப்பிட்டால்கூட அசைய மாட்டாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். உன் பிள்ளை கல்லு மாதிரி உட்காருதேப்பா என்று ஒருத்தர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துக்கொண்டுதான் அன்று அந்த ரோட்டில் ஏறினேன்.

அன்று அவள் செய்தது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. சின்ன அறைக்குப் போக வேண்டிய தட்டில் மண்ணை அள்ளிப் போட்டுப் பச்சைக் காயோடு பிசைந்து சோறாக்கி விளையாடினாள். வெளியே மழை. வழக்கமாக அவள் உட்காருகிற சுவரோரம் நனைந்திருந்தது. அதனால் பெரிய அறைக்குள் கூட்டிப்போய், குழாய் மாட்டினவர்கள் விட்டுப்போன மரக்கட்டையை மூலையில் போட்டு உட்கார வைத்தேன். கதவு காற்றில் அடித்தது. சத்தம் வராமல் இருக்க வெளிக் கொக்கியை மாட்டினேன். திரும்பி நின்று பீடியைப் பற்றவைத்தேன். பாதி குடிக்கும்போது கங்காணி குடையோடு வந்து, "வெரசா ஏறு, ஜீப்பு நிக்குது" என்றார். கட்டளை என்றால் ஓடிப் பழகிய உடம்பு எனக்கு. பீடியை அணைத்துக் காதில் செருகினேன். ஓடி ஏறினேன்.

அவ்வளவுதான் நடந்தது.

வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்குப் பாதையில் ஏறினேன். கூலி ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த தடம். மழையில் அது வாய்க்காலாக ஓடியது. கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. ஒவ்வொரு ஏற்றத்தின் தலையிலும் ரோடு வரும். ரோட்டைத் தாண்டினால் அடுத்த ஏற்றம். ஒரு இடத்தில் மேலே போகிற லாரியின் சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடி வந்தேன். கையைக் காட்டினேன். சேறும் கிழிந்த சட்டையுமாக நின்றவனுக்கு எவன் நிறுத்துவான். லாரி போன பிறகு கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே ஓடினேன். அப்புறம் ஓட முடியவில்லை.

நேரத்தைப் பீடியால் அளந்து பழகிவிட்டதால் மனசு பீடியாகவே எண்ணியது. ஜீப்பு கிளம்பி வளைவு வரை வந்தது பத்துப் பீடி. இனி ஏறிப் போக இருபது, முப்பது. முப்பது பீடி நேரம் நாலு வயசுப் பிள்ளை ஒரு கட்டையில் உட்காருமா? உட்காராது, எழுந்திருக்கும், கதவைத் தட்டும், யாராவது திறப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அதை நம்பியிருப்பேன். இவளை எனக்குத் தெரியும். நான்தான் பழக்கினேன். உள்ளே சூடு ஏறும்போது இவள் என்ன செய்வாள் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எழுந்தால் இன்னொரு பீடி என்று பயந்து உட்கார்ந்திருப்பாள்.

போடிமெட்டு வந்தபோது டீக்கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எங்கள் எஸ்டேட் பக்கம் போகிற ஜீப்பு இருக்கிறதா என்று கேட்டேன். ஆள் ஏற்றிக்கொண்டு இப்போதுதான் போனது என்றார்கள். என்ன ஆச்சு, முழங்காலில் ரத்தம் வருகிறதே என்று ஒருவர் கேட்டார். சொன்னால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தேன். அங்கிருந்து எஸ்டேட் இரண்டு மைல். மஞ்சு இறங்கி ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஏலத் தோட்டத்து மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

எஸ்டேட் வளைவுக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அங்கே நின்றால் ஸ்டோர் கூரை தெரியும். நான் அங்கே வந்தபோது மஞ்சு கொஞ்சம் விலகியது. சின்ன அறைப் புகைபோக்கியில் மெல்லிய வெள்ளைப் புகை. அது எப்போதும் இருப்பது. அதற்குப் பக்கத்தில், ஒரு வாரமாகச் சும்மா கிடந்த பெரிய அறைப் புகைபோக்கியிலிருந்து புதுத் தீயின் புகை, கருப்பாக, கனமாக, நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அந்த இறக்கத்தில் எப்படி வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கதவுக்கு முன்னால் நின்றதுதான் ஞாபகம். கொக்கி மாட்டியிருந்தது. கொக்கியைத் தொட்டேன், சுட்டது. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே இருட்டு. கூப்பிட்டேன். சத்தம் இல்லை. மூலைக்குப் போனேன். கட்டை இல்லை. பிள்ளையும் இல்லை. சட்டங்களுக்குக் கீழே, குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு பிள்ளை சுருண்டு படுக்கலாம். அங்கே கையை விட்டுத் துழாவினேன். முழங்கை குழாயில் பட்டு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. வலி அப்போது தெரியவில்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் துழாவிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனபோது வாசலில் அடுப்புக்காரர் நின்றார்.

அவர் கம்பத்துக்காரர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார்.

"வெளிய வாப்பா. இங்க இல்ல" என்றார்.

இங்க இல்ல என்றால் எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"கெடக்கா. வா" என்றார்.

அவர் சொல்லித்தான் மற்றது தெரியும். எடை முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். விறகு நன்றாகப் பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது, புதுக் குழாய்க்குச் சூடம் காட்டவில்லை என்று. எந்த அறைக்கும் முதல் தீ போடுவதற்கு முன்னால் நாலு மூலையிலும் சூடம் கொளுத்தி ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கிப் போடுவது அவர் வழக்கம். ஸ்டோர் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. அன்று மழையில் சூடம் வாங்கி வருகிற ஆள் பிந்தி வந்ததில் அது மறந்துபோனது. இனி எதற்கு, தீயும் போட்டாச்சு என்று விட்டுவிட இருந்தாராம். மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்து முதல் மூலை, இரண்டாவது மூலை, மூன்றாவது மூலை என்று சூடம் வைத்துக்கொண்டே வந்து நாலாவது மூலையில் வெளிச்சத்தைக் காட்டியபோது, இரண்டு கால்கள். அதற்குள் விறகு எரிந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு பீடி நேரம் இருக்கும்" என்றார். மலையில் எல்லோரும் அப்படித்தான் நேரம் சொல்வார்கள். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை.

வா ஆத்தா, போகலாம் என்று அவர் கூப்பிட்டிருக்கிறார். அவள் தலையை ஆட்டியிருக்கிறாள். வேர்த்து, பாவாடை நனைந்து, முகம் சிவந்து போய், வர மாட்டேன் என்று தலையை ஆட்டியிருக்கிறாள். தூக்கினால் விறைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளை, காப்பாற்றத் தூக்கும்போது கத்தியிருக்கிறது. வேறு வழி தெரியாமல் அவர் கட்டையோடு சேர்த்து அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோய், விறகு அடுக்கியிருக்கிற கொட்டகையில் சுவரைப் பார்க்க இறக்கி வைத்திருக்கிறார். பிறகு தீ போட்ட அறை என்று பழக்கத்தில் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டியிருக்கிறார்.

கொட்டகையில் என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். காய் எடுத்துவிட்டு வந்த கோலம், இடுப்பில் சாக்குப் பை அவிழ்க்காமல். பக்கத்தில் கட்டை மேல் மகள், முதுகைக் காட்டிக்கொண்டு. தோளில் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் கட்டன் சாயா தொடாமல் ஆறிப்போயிருந்தது. நான் வந்த சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான்.

"எந்திரி ஆத்தா."

எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. அப்படியே முன்னால் சாய்ந்தாள். பிடித்துக்கொண்டேன். அவள் நெஞ்சு கோழிக்குஞ்சுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"பெரிய பீடியாப்பா?"

மனைவி என் முழங்கையில் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்தாள். எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடிச்சிருந்தீங்கன்னா அழுதிருப்பா. அந்தச் சத்தம் கேட்டாவது ஆராவது வந்திருப்பாக."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் கோபமாகப் பேசியது பல தடவை. இது கோபமாக இல்லை. அதனால்தான் இன்றைக்கும் என்னால் அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. என் அப்பா புகை போட்டபோது நான் கத்தினேன், கதவை உதைத்தேன், தெருவே வந்து நின்றது. என் பிள்ளை கத்தவில்லை. கத்தாத பிள்ளையை நான் உண்டாக்கியிருந்தேன்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு விழிப்பு வந்தது. ஜீப்பு காலையில் திரும்பி வரும். டிரைவர் சொல்லுவார். கங்காணி கூப்பிடுவார். அதற்கு முன்னால் கிளம்பிவிட்டால் பேச்சு வாங்க வேண்டாம். சாந்தன்பாறைப் பக்கம் ரோடு போடுகிற இடத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து இவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். இப்படி நினைப்பது எனக்குப் புதுசு இல்லை. மூச்சு விடுவது மாதிரி. வேட்டியையும் சட்டையையும் துண்டில் வைத்து முடிந்தேன். உண்மையைச் சொன்னால் நான் பயந்தது கங்காணிக்கு இல்லை. அந்த வீட்டுக்குள் இருக்கப் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் கை இருக்கப் பயமாக இருந்தது.

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகையை எடுத்தபோது உள்ளே மங்கலாக வெளிச்சம் வந்தது. மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். எப்போது விழித்தாள் என்று தெரியாது. சுவரைப் பார்த்து, கையை மடியில் வைத்து, முதுகு நேராக. பக்கத்தில் அவள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பாமலே கேட்டாள். "எந்திரிக்கவாப்பா?"

நான் போயிருந்தால் அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் என்று நான் சொல்லிக்கொள்ளுகிற கணக்கு அவளுக்கு எத்தனை பீடி. துண்டு முடிச்சை மூலையில் வைத்தேன்.

"எந்திரி தாயி. இனிமே எந்திரிக்கிறதுக்குக் கேக்க வேணாம்."

எழுந்து வந்து என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்று நான் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. வாசலுக்குப் போகவா, தண்ணி குடிக்கவா, எல்லாம் கேட்டாள்.

எதிர்பார்த்தபடி கங்காணி கூப்பிட்டுவிட்டார். டிரைவர் நல்லவர். மூட்டையெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்றும், பிள்ளை விஷயம், அதனால்தான் இறங்கினான் என்றும் சொல்லியிருந்தார். கங்காணிக்கு அது போதவில்லை. லோடை விட்டு இறங்கியவன் ஸ்டோர் வாசலில் நிற்கக் கூடாது என்றார். விறகு பிளக்கிற வேலைக்கு வேறு ஆள் வந்தாச்சு. நான் தலையைக் குனிந்து நின்றேன். மகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என் காலுக்குப் பின்னால் நின்றாள். அவளைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் குரலை இறக்கினார்.

"காய் எடுக்கப் போறியா? பொம்பளையாளுகளோட? போறதுன்னா கூடைய எடு."

மலையில் ஆம்பளைகள் காய் எடுக்க மாட்டார்கள். விறகு, மூட்டை, கவாத்து, அடுப்பு இதெல்லாம்தான் ஆம்பளை வேலை. ஏலக்காய் செடியின் தூரில் தரையை ஒட்டிக் காய்க்கும். நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தூராக நகர்ந்து, விளைந்த காயை மட்டும் விரலால் தேர்ந்து கிள்ள வேண்டும். ஒரு இடத்தில் உட்கார மாட்டாதவனுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. நான் போய்க் கூடையை எடுத்தேன்.

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "வாங்க கொழுந்தனாரே, எங்கிட்ட பழைய சேல ஒண்ணு கெடக்கு, கொண்டாரவா?" என்றாள். இன்னொருத்தி, மீசையை எடுத்துட்டா நல்லா இருக்கும் என்றாள். என் மனைவி சிரிக்கவில்லை. தனக்கு அடுத்த வரிசையை எனக்குக் காட்டிவிட்டு, பிஞ்சைத் தொடாதீர்கள், பழுத்து வெடித்ததையும் விடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

வரிசைத் தலையில், நான் பார்த்தால் தெரிகிற இடத்தில், என் துண்டை விரித்து மகளை உட்கார வைத்தேன். உட்கார வைத்தேன் என்று எழுதும்போதே கை நிற்கிறது. அன்று வேறு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. செடிக்கு அடியில் குந்தினேன். எண்ணெய் தடவிய முழங்கையில் இலை உரசும்போதெல்லாம் எரிந்தது. நாலு காய் கிள்ளியிருப்பேன்.

"அப்பா, எந்திரிக்கவா?"

"எந்திரி தாயி."

எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு போய்த் துண்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுத்த தூருக்கு நகர்ந்தேன். அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுகிற தூரத்தை விட்டுத் தள்ளிப் போகாமல் அன்று முழுக்கக் காய் எடுத்தேன்.